மாவு பிசைவதும் குங்ஃபூதான்

‘ஷாவோலின் சாக்கர்’ பாருங்கள் என்று நான் யாரிடம் சொன்னாலும் முதலில் திரும்பி வருகிற கேள்வி ஒன்றுதான்: அது சண்டைப் படமா, ஃபுட்பால் படமா, காமெடிப் படமா? மூன்றும்தான் என்று சொன்னால், கேட்டவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்துவிடும். குங்ஃபூ தெரிந்த ஆறு பேர் பந்து உதைக்கிறார்கள், பந்து தீப்பிடித்துப் பறக்கிறது, கோல்கீப்பர் காற்றில் தூக்கி வீசப்படுகிறார் என்றெல்லாம் சொன்னால் சின்னப் பிள்ளைகள் படம் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் நான் கதையைச் சொல்வதில்லை. ஒரு காட்சியை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். அதில் பந்தும் கிடையாது, அடிதடியும் கிடையாது. ஒரு பெண் மாவு பிசைகிறாள், அவ்வளவுதான்.

தெருவோரத்தில் ஒரு சின்னக் கடை. மந்தோவ் விற்கிறார்கள். மந்தோவ் என்றால் உள்ளே பூரணம் எதுவும் இல்லாமல், கோதுமை மாவைப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கிற வெள்ளை ரொட்டி. சீனாவில் எளிய காலைச் சாப்பாடு. அந்தக் கடையில் வேலை செய்யும் பெண்ணின் பெயர் முய். முகம் முழுக்கப் பரு, அதை மறைக்க முடியை முன்னால் இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தே இருப்பாள், யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஆனால் மாவில் கை வைத்ததும் ஆளே வேறு. இரண்டு கைகளும் வட்டம் வட்டமாகச் சுழல்கின்றன, மாவு மேலெழும்பி அவள் கையைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது, அவள் எங்கே இழுத்தாலும் கூடவே வருகிறது. தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் அசைவுகள் அவை. எதிரே அழுக்குச் சட்டையும் கிழிந்த ஷூவுமாக நிற்கும் கதாநாயகன் சிங், வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். அவனும் குங்ஃபூ கற்றவன் என்பதால் அவனுக்குத்தான் தெரிகிறது, இது வெறும் ரொட்டி போடுகிற கை இல்லை என்று.

இந்தக் காட்சி புரிந்தால் முழுப் படமும் புரிந்த மாதிரி. அதற்கு முதலில் குங்ஃபூ என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்மில் நிறைய பேருக்கு அது கராத்தே, ஜூடோ மாதிரி ஒரு சண்டைக் கலையின் பெயர். சீன மொழியில் அந்தச் சொல்லுக்கு அடியில் இருக்கும் பொருள் அதைவிட அகலமானது: காலமும் உழைப்பும் போட்டுப் பழகிச் சேர்த்த திறமை. நன்றாகச் சமைப்பவரிடமும் குங்ஃபூ இருக்கிறது, எழுத்தழகு வாய்த்தவரிடமும் இருக்கிறது. தென்சீனத்தில் பொறுமையாகத் தேநீர் தயாரித்து ஊற்றும் ஒரு முறைக்கே குங்ஃபூ தேநீர் என்றுதான் பெயர். தமிழில் ஒரே சொல்லில் சொல்வது கஷ்டம். சமையலில் கைப்பக்குவம் என்கிறோமே, அது கிட்டத்தட்ட வரும். சித்திரமும் கைப்பழக்கம் என்பதில் வரும் அந்தக் கைப்பழக்கம் இன்னும் கிட்டே வரும். சண்டை, அந்தப் பழக்கம் வெளிப்படுகிற பல இடங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

இந்தப் பழைய பொருளைப் படம் நிஜமாகவே நம்புகிறது. அதன் சிரிப்பு, அழுகை எல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்துதான் வருகின்றன. நான் இங்கே சொல்ல வருவதும் இதைத்தான்.

சரி, அடிப்படை விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங் படம், பேசுவது கான்டனீஸ் மொழி, வெளிவந்தது 2001 ஜூலையில். இயக்கியவர் ஸ்டீஃபன் சௌ, சிங்காக நடித்தவரும் அவரே. முய்யாக ஜாவ் வெய், பயிற்சியாளர் ஃபுங்காக ங் மான்-டாட். ஹாங்காங்கில் மட்டும் 6 கோடி ஹாங்காங் டாலருக்கு வசூலித்து, அதுவரை அங்கே எந்த உள்ளூர்ப் படமும் எட்டாத இடத்தைத் தொட்டது. அந்தச் சாதனையை 2004இல் முறியடித்ததும் சௌவின் அடுத்த படமேதான். 2002 ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் மூன்றும் இதற்கே கிடைத்தன. நகைச்சுவைப் படங்களுக்கு விருது மேடையில் இடம் கிடைப்பது எங்கேயுமே அரிது என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

கதை எளிமையானது. ஃபுங் ஒருகாலத்தில் ‘தங்கக் கால்’ என்று பெயரெடுத்த ஆட்டக்காரர். காசோலை வாங்கிக்கொண்டு ஒரு பெனால்டியை வேண்டுமென்றே கோட்டை விடுகிறார். கொதித்துப்போன கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி அவர் காலை உடைத்துவிடுகிறது. பல வருடம் கழித்து, அதே காசோலையைக் கொடுத்த ஹுங் பெரிய முதலாளியாகி ஒரு பலமான அணிக்குச் சொந்தக்காரராக இருக்கிறார், ஃபுங் அவரிடமே நொண்டிக்கொண்டு எடுபிடி வேலை பார்க்கிறார். அங்கிருந்தும் துரத்தப்பட்டுத் தெருவில் நிற்கும்போதுதான் சிங்கைப் பார்க்கிறார். சிங் குப்பை பொறுக்கிப் பிழைப்பவன். ஒரு பியர் டின்னை அவன் உதைக்கிற உதையில் அது கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விடுகிறது. பின்னால் ஃபுங் பார்க்கும்போது டின் ஒரு சுவரில் பதிந்து கிடக்கிறது. உடைந்த காலுக்கும் உதைக்கத் தெரிந்த காலுக்கும் அந்த இடத்தில் ஒரு தொடர்பு விழுகிறது.

சிங்குக்குக் கால்பந்தில் ஆசை கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். அவனுடைய ஆசை வேறு. ஷாவோலின் குங்ஃபூவை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும், அன்றாட வாழ்க்கைக்கு அது எவ்வளவு உதவும் என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும். தெருவில் நின்று ஃபுங்கிடம் அதை விளக்குவான்: வாழைப்பழத் தோலில் வழுக்கி விழும் பெண்ணுக்குக் குங்ஃபூ தெரிந்திருந்தால் விழமாட்டாள், நெருக்கடியான இடத்தில் காரை நிறுத்தத் திணறுபவருக்குத் தெரிந்திருந்தால் திணறவேண்டாம், மரம் வெட்டிச் சீராக்குபவருக்கு வேலை நொடியில் முடியும். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வருகிறது. சொல்கிற அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. அவன் மனதார நம்பிச் சொல்கிறான். கால்பந்து அவனுக்கு ஒரு வழி மட்டும்தான், லட்சக்கணக்கான பேர் பார்க்கிற ஒரு மேடை.

அந்த ஆசையைச் சொல்லும் இடத்தில் ஒரு வசனம் வரும், சீன மொழி பேசுபவர்களிடையே இன்றைக்கும் புழங்குகிறது: கனவு இல்லாவிட்டால் மனுஷனுக்கும் கருவாட்டுக்கும் என்ன வித்தியாசம்? நமக்கும் கருவாடு தெரிந்த பொருள் என்பதால் உடனே பிடிபடும். ஆனால் கான்டனீஸில் இன்னொரு அடுக்கு உண்டு. அங்கே பேச்சு வழக்கில் கருவாடு என்றால் பிணம். தோற்றுப்போனவன் மறுபடி தலைதூக்கினால், ‘கருவாடு உயிர்பெற்றுத் துள்ளியது’ என்று சொல்லும் மரபும் உண்டு. படத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஆறு கருவாடுகள் துள்ளுகின்றன.

யார் அந்த ஆறு பேர்? ஒரே ஆசானிடம் கற்ற அண்ணன் தம்பிகள். உடன்பிறந்தவர்கள் இல்லை, சீன மரபில் ஒரே குருவிடம் கற்றவர்கள் மூத்தவர் இளையவர் வரிசைப்படி ஒருவரையொருவர் அண்ணா, தம்பி என்றுதான் அழைப்பார்கள். ஆசான் போய்விட்டார், ஆளுக்கொரு திசையாகச் சிதறிவிட்டார்கள். மூத்தவர் ஒரு இரவு விடுதியில் கழிவறை கழுவுகிறார். இன்னொருவர் ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறார். ஒருவர் பங்குச்சந்தைக்காரர், காதிலிருந்து செல்ஃபோனை எடுக்க நேரமில்லை. கடைசித் தம்பி உடல் பெருத்துப்போய் சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறார். சிங் அவர்களைத் தேடிப் போய்க் கூப்பிட்டால் யாருக்கும் நேரமில்லை, யாருக்கும் நம்பிக்கையும் இல்லை. குங்ஃபூ சோறு போடுமா என்பதுதான் எல்லோருடைய பதிலும். 1997இல் ஆசியாவையே உலுக்கிய பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வந்த ஹாங்காங் படம் இது. வேலை போய்விடுமோ என்ற பயம் ஊரெல்லாம் பரவியிருந்த காலத்தில், கையில் அரிய திறமை வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிறவர்களைத் திரையில் பார்த்து அந்த ஊர்க்காரர்கள் அப்படிச் சிரித்ததில் ஒரு வலியும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது அந்தத் திறமைகளின் பெயர்களுக்கு வருவோம், ஏனென்றால் முதல்முறை பார்ப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். அவை படத்துக்காக அந்த நேரத்தில் கட்டிய பெயர்கள் இல்லை. சீன வீரக் கதைகளிலும் ஷாவோலின் மரபிலும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருபவை, அல்லது அந்தச் சாயலில் அமைந்தவை. மூத்தவருக்கு இரும்புத் தலை. இரண்டாமவருக்குத் தரையோடு தரையாகச் சுழன்று காலை வீசும் வித்தை. மூன்றாமவருக்குப் ‘பொன்மணிக் கவசம், இரும்புச் சட்டை’, அதாவது எந்த அடியும் உள்ளே இறங்காத உடம்பு. நான்காமவருக்கு நிழல்போல ஓடிப் பற்றிக்கொள்ளும் கைகள். ஐந்தாவது சிங், அவனுக்கு வஜ்ரக் கால். நாம் சொல்லும் அதே வஜ்ரம்தான், பௌத்தத்தோடு சேர்ந்து சீனாவுக்குப் போன கருத்து. கடைசித் தம்பிக்கு உடல் எடையே இல்லாதது போலத் தண்ணீர் மேல் மிதந்து போகும் வித்தை, அதை ஆறு பேரில் குண்டானவரிடம் கொடுத்திருப்பதில் ஒரு சிரிப்பு.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கால்பந்து மைதானத்தை நினைத்துப் பாருங்கள். தலையால் முட்டி கோல் போட ஒருவர் வேண்டும், இரும்புத் தலை இருக்கிறது. கையால் பந்தைப் பிடிக்க அனுமதி உள்ளவர் கோல்கீப்பர் மட்டும்தான், நிழற்கைகள் அங்கே போய்விடுகின்றன. நெஞ்சால் பந்தை வாங்க இரும்புச் சட்டை, எதிராளிகள் கால்களுக்கு நடுவே பந்தைச் சுழற்றிக்கொண்டு போகத் தரைக்கால், வானத்தில் பந்தைப் பிடிக்க மிதப்பவர், கடைசியில் உதைக்க சிங். கால்பந்து என்ற ஆட்டமே ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு விதமான உடம்பைக் கேட்கிற ஆட்டம். பழைய குங்ஃபூ படங்களில் ஒரே வீரன் எல்லாவற்றையும் கற்று, கடைசியில் தனியாக வில்லனை எதிர்ப்பான். இங்கே அப்படி முடியாது. தனியாக உதைத்தால் பந்து கோலுக்குப் போகாது, சுவருக்குத்தான் போகும். குங்ஃபூவைக் குழு ஆட்டத்தோடு சேர்த்ததில் உள்ள சூட்சுமம் இதுதான். ஒரே வித்தை மட்டும் தெரிந்தவன், தனியாக நின்றால் உபயோகமில்லாதவன். பதினொரு பேரில் ஒருவனாக நின்றால் அவன் இல்லாமல் ஆட்டமே நடக்காது. பாத்திரம் தேய்த்தவரும் கழிவறை கழுவியவரும் நிமிர்வது அங்கேதான்.

ஆட்ட விதிகளைப் படம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆஃப்சைடு எங்கே என்று தேடாதீர்கள். ஆனால் ஒரு விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது: ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடர முடியாது. நிஜக் கால்பந்திலும் அப்படித்தான். இறுதி ஆட்டத்தில் ஒவ்வொருவராக அடிபட்டு விழ, ஆள் போதவில்லை, தோற்றதாக அறிவிக்கப்போகிறார்கள் என்ற நிலை வரும்போது அந்த விதி நம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், சிரிப்பு. இந்தப் படத்தின் நகைச்சுவைக்குக் கான்டனீஸில் ஒரு பெயர் உண்டு, மொ லெய் தாவ். தலையும் இல்லை வாலும் இல்லை என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும் சொல். 1990களில் சௌவின் படங்களோடு சேர்த்தே அந்தப் பெயர் பரவியது. அர்த்தமில்லாத உளறல் என்று சுருக்கிவிட்டால் தவறு. அதற்கென்று ஒரு வேலை முறை இருக்கிறது. காட்சி ஒரு தடத்தில் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று முற்றிலும் வேறு தடத்துக்குத் தாவும், தாவியதைப் பற்றிக் காட்சியில் உள்ள யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மந்தோவ் கடை முன்னால் சிங் முய்யைப் புகழ்ந்து பாடுகிறான். ரோட்டில் போன ஒருவர் வந்து, உன் பாட்டைக் கேட்டதும் எனக்குள் இருந்த ஆட்டம் வெளியே வந்துவிட்டது என்கிறார், அடுத்த நொடி தெருவே சேர்ந்து ஆடுகிறது, ஆடி முடித்ததும் எல்லோரும் தங்கள் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒருவர்கூட என்ன நடந்தது என்று கேட்பதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் முதல் பயிற்சி ஆட்டத்தில் வருகிறது. எதிரணி முழுக்க அடியாட்கள். ஆட்டத்துக்கு முன்னால் கை குலுக்க வரும்போது அவர்களில் ஒருவனுடைய உடையிலிருந்து ஒரு ஸ்பானர் கீழே விழுகிறது. ஏன் இது என்று கேட்டால், நான் கார் மெக்கானிக், மெக்கானிக் ஸ்பானர் வைத்திருப்பது நியாயம்தானே என்கிறான். அந்த ‘நியாயம்தானே’தான் அங்கே சிரிப்பு. நியாயமே இல்லாத ஒன்றுக்கு முழு நியாயம் கற்பித்து, அதை முகம் மாறாமல் சொல்வது. ஸ்பானரும் சுத்தியலும் பிறகு எதற்குப் பயன்படுகின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் தம்பிகள் அடிவாங்குகிறார்கள், ரொம்ப நேரம், பார்க்கவே சங்கடமாக இருக்கும் அளவுக்கு அடிவாங்குகிறார்கள். சிரித்துக்கொண்டிருந்த நாம் ஒரு கட்டத்தில் சிரிப்பை நிறுத்திவிடுவோம். அப்போதுதான் அவர்களுக்குள் வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பழக்கம் ஒவ்வொன்றாகக் கண் விழிக்கிறது. படத்தின் முதல் பெரிய திருப்பம் அது. கதைப்படி அவர்கள் அங்கே புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஏற்கெனவே உடம்பில் இருந்தது, மறந்திருந்தார்கள், ஞாபகம் வருகிறது. விளையாட்டுப் படம் என்றாலே வரும் பயிற்சிக் காட்சியின் இடத்தை இந்த ஞாபகம் பிடித்துக்கொள்வது எனக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அந்த அடியாட்களே எங்களையும் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்து நிற்பார்கள்.

எதிர்ப்பக்கம் யார் என்றும் சொல்ல வேண்டும். ஹுங்கின் அணிக்குப் பெயரே சாத்தான் அணி. வில்லன் தன்னை மறைத்துக்கொள்ளவே இல்லை. ஃபுங்கிடம் அவர் நேராகவே சொல்வார்: நடுவர் என் ஆள், கோட்டு நடுவர் என் ஆள், சங்கம் முழுக்க என் ஆட்கள், நீ எப்படி என்னோடு மோதுவாய்? அணியினருக்கு ஊசிமருந்து ஏற்றி ராட்சச பலம் கொடுத்திருக்கிறார். இங்கேதான் படத்தின் எண்ணம் பளிச்சென்று தெரிகிறது. சாத்தான் அணிக்காரனும் சிங் மாதிரியே அசுர வேகத்தில் உதைக்கிறான். திரையில் இரண்டு உதைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒருவனுடைய பலம் ஊசியில் வந்தது, இன்னொருவனுடையது வருடக்கணக்கில் வந்தது. குங்ஃபூ என்ற சொல்லின் பொருளை மேலே சொன்னேனே, அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்த இறுதி ஆட்டம் எதைப் பற்றியது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

பந்து தீப்பிடிப்பதும், புல்தரை உழுததுபோலக் கிழிவதும் கணினி வரைகலை. ஹாங்காங்கின் சென்ட்ரோ டிஜிட்டல் நிறுவனம் செய்த வேலை. சண்டை அமைப்பு சிங் சியூ-துங், கம்பிகளில் ஆட்களைத் தொங்கவிட்டுப் பறக்கவைப்பதில் பெயர்பெற்றவர். அந்த ஊர் சினிமாவில் கம்பி வேலை பழைய கைத்தொழில், கணினி அப்போது புதுசு, இரண்டும் இந்தப் படத்தில் அருகருகே நிற்கின்றன. இன்றைய கண்ணுக்குச் சில காட்சிகள் பொம்மைப் படம் மாதிரித் தெரியலாம். அது உறுத்தவில்லை, ஏனென்றால் படம் முழுக்கவே ஒரு சித்திரக்கதை மாதிரித்தான் ஓடுகிறது. 1981இல் தொடங்கிய ‘கேப்டன் சுபாசா’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையைப் படித்தவர்களுக்குப் பந்து வளைந்து நெளிந்து முட்டை வடிவில் நீண்டு பறப்பது பழகிய காட்சியாகவே இருக்கும்.

கோல்கீப்பரைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றினால் உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. முடி, பார்வை, கை நிற்கும் விதம் எல்லாம் புரூஸ் லீ. நடித்தவர் டேனி சான். சௌ சிறுவயதிலிருந்தே புரூஸ் லீ பக்தர். தன் அணியின் கடைசிக் காவலாக அவரையே நிறுத்திவைத்த மாதிரி இருக்கும். 2008இல் புரூஸ் லீ வாழ்க்கையைச் சொல்லும் சீனத் தொலைக்காட்சித் தொடரில் அதே டேனி சான் புரூஸ் லீயாகவே நடித்தார்.

ஷாவோலின் என்றதும் நம்மவர்கள் போதிதர்மரைக் கேட்காமல் விடமாட்டார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஷாவோலின் மடாலயம் சீனாவின் ஹெனான் மாகாணத்தில், சொங் மலையில் இருக்கிறது. கி.பி. 495இல் நிறுவப்பட்டதாகச் சொல்வார்கள். தென்னிந்தியாவிலிருந்து போன போதிதர்மர் அங்கே தங்கினார் என்பது சான் பௌத்த (ஜப்பானில் ஜென் என்பார்கள்) மரபு, அவர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் என்பது நம் பக்கம் பரவலான நம்பிக்கை. துறவிகளுக்குச் சண்டைக் கலையைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான் என்ற கதைக்கு மட்டும் வரலாற்றறிஞர்கள் தலையாட்டுவதில்லை. அந்தக் கதையைச் சொல்லும் நூல், அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் கழித்து, 17ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. படம் இந்த வரலாற்றுக்குள் போகவே இல்லை. அதில் ஷாவோலின் என்பது ஓர் ஆசான், ஆறு மாணவர்கள், மறக்கப்பட்ட ஒரு படிப்பு.

முய்யை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். சீனத் தற்காப்புக் கலைகளை வன்மை, மென்மை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். ஷாவோலின் வன்மைப் பக்கம்: தசை, வேகம், மோதல். தாய் சி மென்மைப் பக்கம்: எதிரே வரும் விசையைத் தடுக்காமல் ஏற்று, வளைத்து, திசை திருப்பிவிடுவது. தாய் சி கற்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வாசகம் உண்டு, நான்கு லியாங்கைக் கொண்டு ஆயிரம் ஜின்னைத் திருப்பு என்று. லியாங் என்பது சின்ன நிறுவை, ஜின் என்றால் சுமார் அரைக் கிலோ. கைப்பிடி விசையால் அரை டன்னை நகர்த்துகிற கணக்கு. சாத்தான் அணியின் உதையில் ஷாவோலினின் இரும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்குவதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. வன்மையை வன்மையால் தடுக்கிறார்கள், வேகம் கூடக்கூட உடைகிறார்கள். ஆள் போதாமல் ஆட்டம் கைவிட்டுப்போகும் அந்த நேரத்தில் முய் தலையை மொட்டை அடித்துக்கொண்டு வந்து கோல் முன்னால் நிற்கிறாள். பந்து வருகிறது. அவள் தடுப்பதில்லை. மாவைச் சுழற்றின அதே கைகளால் பந்தை ஏற்று வட்டம் போடுகிறாள், வேகம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் சொல்படி கேட்கிறது. படத்தின் ஆரம்பத்தில் மாவு பிசைந்த காட்சியை மனதில் வைத்திருந்தால் இங்கே உடம்பு சிலிர்க்கும். கடைசி உதை அவளுடைய சுழற்சியும் சிங்கின் காலும் சேர்ந்தது.

முய் விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அந்தக் காலத்தில் சீனத் தொலைக்காட்சியின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் ஜாவ் வெய். அவரைப் பருவும் அழுக்குமாகக் காட்டத் துணிந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பருவை வைத்து வரும் சிரிப்புகளில் பாதி தேவையில்லாதவை. அவள் சிங்குக்காக அழகுநிலையம் போய் அலங்காரம் செய்துகொண்டு வந்து கேலிப்பொருளாக நிற்கும் காட்சியில் நான் இன்றைக்கும் கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன். நாம் எப்போதும் நண்பர்கள் என்று அவன் சொல்லிவிட, அவள் கண்ணீர் மாவில் விழுந்து, ரொட்டி உப்புக்கரித்து, வேலையும் போய்விடுகிறது. அந்த உப்பு ஒன்று போதும் அவள் துக்கத்தைச் சொல்ல, அவ்வளவு நல்ல காட்சி அது. மொட்டைத் தலையோடு மைதானத்துக்கு வந்தவளைப் பார்த்தும் சிங், பூமி ஆபத்தான இடம், நீ செவ்வாய்க் கிரகத்துக்கே திரும்பிப் போய்விடு என்கிறான். அந்த வரி பெரிய அளவில் பிரபலமாகிவிட்டது. அவள் பந்தைப் பிடிக்கும்வரை எனக்கு அந்த வரியில் முழுச் சிரிப்பு வருவதில்லை.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: 2004இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது நிறைய வெட்டி ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்கிவிட்டார்கள். அதைத் தொடாதீர்கள். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஹாங்காங் பதிப்பைக் கான்டனீஸ் ஒலியோடு, வசன வரி போட்டுப் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் ங் மான்-டாட்டின் குரல் கேட்க வேண்டும். சௌவோடு பல படங்களில் சேர்ந்து நடித்தவர், 2021இல் காலமானார். நொண்டிக் காலோடு, வாங்கிய காசோலையின் பாரத்தோடு அவர் அணியின் முன்னால் நிற்கும் காட்சிகளில் படம் நகைச்சுவைப் படம் என்பதே மறந்துபோகும்.

இதன் வழியில் வேறு படங்களும் வந்தன. குங்ஃபூவைக் கூடைப்பந்தோடு சேர்த்து ஒன்று, லாக்ரோஸ் ஆட்டத்தோடு சேர்த்து ஜப்பானில் ஒன்று, இரண்டுமே 2008இல். வித்தை இருந்தது, பந்தும் இருந்தது. பாத்திரம் தேய்க்கிறவர் இல்லை என்பதால் எனக்கு அவை ஒட்டவில்லை.

கோப்பையை வாங்கியதோடு படம் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு ஒரு தெருக்காட்சி வருகிறது. ஒரு பெண் வாழைப்பழத் தோலில் கால் வைத்து வழுக்குகிறாள், காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு நின்று, தன் வழியே நடந்து போகிறாள்.